கடைசி வாரத்துப் பட்டினி

ஆய்வகத்தில் கொடுத்த தாளை முதலில் சட்டைப்பையில் வைத்தேன். வியர்வையில் நனைந்துவிடும் என்று எடுத்து, வண்டி சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புத்தகத்தோடு செருகினேன். சீட்டைப் பூட்டியதும், அப்பா எப்போதாவது ஸ்பேனர் தேடி அதைத் திறப்பார் என்ற நினைப்பு வந்தது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. அது தெரிந்தும் வெளியே எடுத்தேன். கடைசியில் அது என் ஆபீஸ் மேஜை இழுப்பறைக்குள், பழைய பில் கட்டுகளுக்கு அடியில் போனது. அன்று மட்டும் நான்கு தடவை அதை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே எண்தான் இருந்தது.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அப்படி ஓர் ஆபீஸில், லோடு ஏற்றிப் போகிற லாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் பில் போடுவது என் வேலை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஏழு மணிக்கு எழுந்திருப்பேன். நடுவில் எழுவது டீ வரும்போது மட்டும். அதுவும் பல நாள் எழுவதில்லை, டீயே மேஜைக்கு வந்துவிடும்.

ஆவணியில் ஒருநாள் ஆபீஸ் வளாகத்திலேயே இலவசமாக ரத்தம் பார்க்கும் முகாம் வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, லேபிள் ஒட்டுகிற அக்காமாருக்குப் படிவம் நிரப்ப என்னை உட்கார வைத்தார்கள். தலைசுற்றல் உண்டா, அடிக்கடி தாகம் எடுக்குமா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"தாகம் எடுக்காமயா இருக்கும், இந்த வெயில்ல? ஒமக்கு எடுக்கலயா சார்?" என்றார் ஒரு அக்கா.

எடுத்தது. எனக்கு எப்போதும் எடுக்கும். அதைப் பற்றி நினைக்காமல் 'ஆம்' என்ற கட்டத்தில் அவருக்கு ஒரு டிக் போட்டேன். எல்லோரும் முடித்துப் போனபின் நர்ஸ், "சார், நீங்களும் விரல நீட்டுங்க" என்றார். அக்காமாரில் பலருக்கு ரத்தம் குறைவாக இருந்தது. எனக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்தது. இருபத்தெட்டு வயதுதானே, மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்று நினைத்தேன். மெயின் ரோட்டில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை எடுத்துவரச் சொன்னார். அந்தத் தாளைத்தான் இப்படி இடம் மாற்றி இடம் மாற்றி ஒளித்தேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா, தாளைப் பார்த்துவிட்டு.

"உக்காந்து பாக்குத வேலைங்க."

"நடப்பீங்களா?"

"வண்டி இருக்குங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

மனதுக்குள் எண்ணினேன். எழுந்ததும் வீட்டில் ஒன்று. எட்டயபுரத்தில் வண்டியை நிறுத்தி ஒன்று. ஆபீஸில் மூன்று. திரும்பும்போது ஒன்று. ஆறு வந்தது. ஐந்து என்று சொன்னேன். சொன்ன பிறகு, யாரிடம் பொய் சொல்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"சர்க்கரைக் கோட்டத் தாண்டிட்டீங்க. ரொம்பத் தள்ளிப் போயிரல. மூணு மாசம் பாப்போம். தினமும் நடங்க, சோத்தக் குறைங்க, சீனிய விடுங்க. மூணு மாசங் கழிச்சு இதே டெஸ்ட். அப்பவும் குறையலன்னா மாத்திரை ஆரம்பிச்சிரலாம்."

இருபத்தெட்டு வயதில் மாத்திரை. வெளியே வந்து வண்டியை உதைத்தபோது மனதில் இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. மாத்திரைக்குப் போய்விடக் கூடாது. வீட்டுக்குத் தெரியக் கூடாது.

வீட்டுக்கு ஏன் தெரியக் கூடாது என்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்க் கடைசிவரை படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா எட்டாவதோடு நின்று, விடிகாலை வேனில் தீப்பெட்டி ஒட்டப் போனாள். நான் பத்தாவது எழுதிய வருஷம் வீட்டு டிவிமேல் துண்டைப் போட்டு மூடினார்கள். மிளகாய் பறிக்கிற நாளில் மற்ற வீட்டுப் பிள்ளைகளெல்லாம் புஞ்சைக்குப் போக, எனக்கு மட்டும் முட்டை அவித்து வைத்துவிட்டுப் போவாள் அம்மா. ஆசையில் நான் புஞ்சைக்கு ஓடிப்போனால் அப்பா ஒரு மண்கட்டியை எடுத்து என்மேல் படாமல் பக்கத்தில் எறிவார். "போய்ப் படில."

இப்போதும் அப்படித்தான். நான் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால், உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட அக்கா வந்து பிடுங்கிக்கொள்வாள். அறுபது வயது அப்பா மூட்டையை முதுகில் ஏற்றும்போது நான் ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து பிடித்தால் அவருக்குக் கோபம் வரும். எனக்கு அசையாமல் இருக்கிற உரிமை வேண்டும் என்றுதான் மூன்று பேரும் அவ்வளவு அசைந்தார்கள். எனக்குத் தொப்பை விழுந்தபோது அம்மா அதை ஊருக்குக் காட்டினாள். "எம்புள்ள இப்பத்தான் ஒடம்பு வச்சிருக்கான்."

இவர்களிடம் போய் என்ன சொல்வது? நீங்கள் எனக்குச் செய்த நல்லதுதான் ரத்தத்தில் வந்து நிற்கிறது என்றா? அது முழு உண்மையும் இல்லை. டீக்கு ஆறு தடவை கை நீட்டியது நான். வேலை முடிந்து திரும்பும்போது எட்டயபுரத்தில் நாலு பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போட்டதும் நான். அதற்குமேல் வீட்டுக்கு வந்து, அம்மா வருத்தப்படுவாளே என்று ஒரு தட்டுச் சோற்றையும் சாப்பிட்டவன் நான். யாரும் என் வாயைத் திறந்து ஊற்றவில்லை. நானே கெடுத்ததை நானே சரிசெய்துவிடுவேன், சத்தமில்லாமல், மூன்று மாதத்தில்.

மறுநாள் விடியும் நேரத்தில் நடக்கப் போனேன்.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் கிடக்கிற கரிசல், அங்கங்கே உடைமரம். நடக்க நல்ல ரோடுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்துபோகிற ஆளைத் தாண்டிச் சும்மா வண்டியை ஓட்டிப் போக முடியாது. அது பெரிய மரியாதைக் குறைவு. நிழலில்லாத ரோட்டில் ஒருத்தன் நடக்கிறான் என்றால் அவனுக்கு வண்டி கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பால் கேனோடு வந்த அண்ணாச்சி பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஏறுங்க தம்பி."

"இல்ல அண்ணாச்சி, நீங்க போங்க. நான் நடக்கேன்."

"நடக்கீங்களா? எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் நடப்பாவளா? வண்டி பஞ்சரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றமாக இருந்தது. "நல்லா இருக்க வண்டிய வீட்ல வச்சிட்டு ஏன் நடக்கீங்க? வீட்ல எதும் சண்டையா?"

சண்டை இல்லை என்று நிரூபிக்க ஏறி உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டார். அங்கிருந்து திரும்பி நடந்தேன். பத்தடி போவதற்குள் எங்கள் தெருவில் இருக்கும் மாமா டிராக்டரில் வந்துவிட்டார். அன்று நான் போனதும் வந்ததும் வண்டியில்தான். போனில் இருந்த அடி எண்ணும் செயலி என்னைக் கேலி செய்வதுபோல் ஒரு எண்ணைக் காட்டியது.

பத்து நாள் இப்படி ஓடியது. சில நாள் ஏறினேன், சில நாள் பிடிவாதமாக மறுத்தேன். பதினோராம் நாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எய்யா, ஆபீஸ்ல எதும் பிரச்சனையா?"

"இல்லியே. யாரு சொன்னா?"

"பால்காரரு சொன்னாரு. நீ விடியக்காலம் ரோட்டுல தனியாத் திரியுதியாம். கூப்ட்டாலும் வண்டில ஏற மாட்டேங்கியாம். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவளோன்னு அவரு வீட்டம்மா கேக்காளாம்."

"நாந்தான் தினமும் வேலைக்குப் போறேனே."

"அதயுந்தான் கேக்குதாவ. வேலைக்குப் போறேன்னுட்டு எங்கன போறான்னு."

அதோடு ரோட்டில் நடப்பதை விட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுகிற அக்காமாருக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

"ஏட்டி, அங்க பாரு. சாரு முட்டையிட எடம் பாக்குத கோழி கணக்கா சுத்துதாரு."

"எடம் கிடைச்சதும் சொல்லுங்க சார், கூடைய வைக்கோம்."

நானும் சிரித்தேன். ஆனால் கால் நிற்கவில்லை. எனக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. பில் போடும்போது போனை எடுத்து அடிகளைப் பார்ப்பேன். அடி குறைந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டுவேன். ஒருநாள் பில்லில் லாரி எண்ணைத் தப்பாக அடித்ததில், வண்டி கயத்தாறு வரை போய்ச் சோதனையில் மாட்டி நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தூக்கம் வரலியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். தூக்கமெல்லாம் வந்தது. விழித்திருக்கும் நேரத்தில்தான் உடம்புக்குள் ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்ற எண்ணம் விடவில்லை. வலி இருந்தால் தொட்டுப் பார்க்கலாம். இது வலிக்கவே இல்லை.

வீட்டில் சோறுதான் பெரிய பாடு. அரைத் தட்டோடு எழுந்தால் அம்மா உடனே குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பாள். உப்புக் கூடுதலா, புளி கூடுதலா? ஆபீஸில் சாப்பிட்டுவிட்டேன் என்பேன். ஆபீஸில் என்ன சாப்பாடு, யார் போட்டது என்று கேட்பாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மிளகாயையும் உப்பையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. கண்பட்டிருக்கிறது என்பது உறுதியானது. அன்று சோற்றில் நெய்யும் கூடியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முழுத் தட்டையும் சாப்பிட்டேன். மறுநாள் அதற்குத் தண்டனையாகக் காலைச் சாப்பாட்டை விட்டேன். மத்தியானம் பசியில் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். சீனி போடாத டீ கேட்டபோது டீ மாஸ்டர், "என்ன சார், ஆருக்குக் காரியம்?" என்றார், துக்க வீட்டில்தான் சீனியில்லாத டீ என்பதுபோல. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அரைச் சீனி போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் போய்விட்டது. பெல்ட்டில் ஓட்டை மாறவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. புரட்டாசியில் விதைத்த உளுந்து முளைத்து வர, அதைவிட வேகமாகக் களை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அக்காவும் புஞ்சைக்குப் போன பிறகு நானும் போனேன். நடந்தால் கேள்வி கேட்கிறார்கள், சுற்றினால் சிரிக்கிறார்கள், சொந்தப் புஞ்சையில் வேலை செய்தால் யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். இவ்வளவு படித்தும் அந்த இடத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் வரிசையாகக் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தூரத்தில், தண்ணீர் உடைத்த வரப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக் கரிசல் பாதத்தில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கனத்தது. தொடை நடுங்கியது. ஆனாலும் கொத்தினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனது ஓர் இடத்தில் நின்றது.

"சார், அது களை இல்ல. உளுந்து," என்றார் ஒரு பெண்.

"நாலு செடி போனாப் போவுது, விடுத்தா. படிச்ச கை, எல்லாத்தயும் ஒண்ணாத்தான் பாக்கும்," என்றார் இன்னொருவர்.

அக்கா சிரிக்கவில்லை. "ஏலே, எந்திரி. அப்பா பாத்துட்டாரு, வாராரு."

அப்பா மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு வந்தார்.

"என்னல செய்யுத?"

"களை எடுக்கேம்ப்பா."

"ஒன்னய யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு."

அவர் குனிந்து என் கையிலிருந்த கொத்தியை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். "ஊரு ஏற்கெனவே இவனுக்கு வேல போயிருச்சுன்னு பேசுது. இப்பம் நீ கொத்தியோட இங்கன குத்தவச்சா ஆமான்னு நீயே சொன்ன மாதிரி ஆயிரும். வீட்டுக்குப் போ."

"ஒடம்பு அசையணுமாம்ப்பா. டாக்டரு சொல்லிருக்காவ."

"எந்த டாக்டரு?"

பெண்களின் கை நின்றது. இனிமேல் இன்னொரு பொய்யைத் தேட எனக்குத் தெம்பில்லை.

"எனக்குச் சர்க்கரை வந்திருக்கு. ஆவணியிலயே தெரியும். குறையலன்னா கார்த்திகையில இருந்து மாத்திரை."

முதலில் பேசியது முன்பு உளுந்தைக் காட்டிய பெண்தான். "சர்க்கரையா? அது வசதியானவியளுக்குல்லா வரும்." குரலில் கேலி இல்லை. கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து கொத்த ஆரம்பித்தார். ஒரு முழம் தள்ளிப் போன பிறகு கேட்டார்.

"அம்மாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் சொல்லிக்கிடுதேன். நீ போ."

அம்மா அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மறுபடி ரத்தம் எடுக்கது என்னைக்கு?" கார்த்திகையில் இன்ன தேதி என்று சொன்னேன். காலண்டரில் காட்டச் சொல்லி, அந்தக் கட்டத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ நிம்மதி வந்தது. அது எதனால் என்று இப்போது புரிகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு தேதியைச் சொன்னால் போதும். அந்தத் தேதிக்கு முந்தின வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று பேருக்கும் அத்துப்படி. என்னுடைய ஒவ்வொரு பரீட்சையும் அப்படித்தான் தாண்டியது. வருஷம் முழுக்க எப்படியோ இருப்போம். கடைசி வாரத்தில் வீடு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நானும் கடைசி வாரத்தில் மனப்பாடம் பண்ணித்தான் டிகிரி வரை வந்தேன்.

ஆகவே தேதி தெரிந்த பிறகு மூன்று வாரம் வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. நடுவில் தீபாவளி வந்தது. அம்மா அதிரசம் சுட்டாள். நான் தயங்கினேன். "தின்னு, அதுக்கு இன்னும் நாள் கிடக்குல்லா," என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தின்றேன்.

கடைசி வாரம் வந்தது. சீனி டப்பா அக்கா வீட்டுக்குப் போயிற்று. காலையில் ஆவாரம்பூ கஷாயம், மத்தியானம் பாகற்காய்ச் சாறு. டிவிக்கு மறுபடி துண்டு. சர்க்கரைக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. விடிகாலையில் அப்பாவே என்னை எழுப்பி நடக்கக் கூட்டிப் போனார். தோளில் மண்வெட்டி. "இது எதுக்குப்பா?" என்றேன். "இது இருந்தா ஒருத்தனும் வண்டிய நிறுத்த மாட்டான், புஞ்சைக்குப் போறாவன்னு போயிருவான்," என்றார். உண்மைதான். ஒருவரும் நிறுத்தவில்லை. மண்வெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் மட்டும் தரவில்லை. அவர் வேகத்துக்கு நான் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது. விலக்கில் நின்று நான் மூச்சு வாங்கும்போது, அவர் வேறு பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்துக்கொள்வார்.

கடைசி மூன்று நாள் பட்டினி. முதல் நாள் தண்ணியாகக் கம்மங்கஞ்சி. அடுத்த நாள் மோர். அதற்கடுத்த நாள் வெறும் தண்ணீர். மூன்று மாதச் சராசரி என்று அந்தப் பழைய தாளிலேயே இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். வாசித்தேன், வாசித்துவிட்டுப் பட்டினி கிடந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீஸில் கண் இருட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். லேபிள் ஒட்டுகிற அக்கா ஒருவர் ஓடிவந்து, இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு கடலைமிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தார். "மென்னுங்க சார், மென்னுங்க." மென்றேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. அதை வீட்டில் சொல்லவில்லை.

ரத்தம் கொடுத்த மறுநாள், முடிவு வாங்கப் போகும்போது அம்மாவும் கூட வந்தாள். விசேஷத்துக்குக் கட்டுகிற சேலை, தலையில் பிச்சிப்பூ. பத்தாவது ரிசல்ட் அன்றும் இப்படித்தான் வந்தாள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. என்ன பண்ணீங்க?"

நான் பேசுவதற்குள் அம்மா சொன்னாள். "மூணு நாளா பட்டினிதான் டாக்டரம்மா. கடைசி நாளு பச்சத் தண்ணி. அவன ஒண்ணுந் தின்ன விடல." அதில் பெருமை இருந்தது. பிள்ளையை அவள் நன்றாகத் தயார் செய்து கூட்டி வந்திருந்தாள்.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "அம்மா, இது மூணு மாசத்தயும் சேத்துக் காட்டும். கடைசி மூணு நாள்ல ஒண்ணும் மாறாது."

அம்மாவுக்கு அது எட்டவில்லை. "அப்ப பாஸா, ஃபெயிலா?"

"ரெண்டும் இல்லம்மா. கொஞ்சூண்டு குறைஞ்சிருக்கு. ஆனா கோட்டுக்கு மேலதான் இருக்கு." பிறகு என்னிடம் திரும்பினார். "மாத்திரை ஆரம்பிச்சிரலாம். ஒரு நாளைக்கு ஒண்ணு, சாப்பிட்டதும். மாத்திரை போட்டாச்சேன்னு உக்காந்திரக் கூடாது. நடக்கணும். பட்டினி கிடக்கவே கூடாது. தினமும் அளவாச் சாப்பிடணும்."

"அளவுன்னா எம்புட்டு?" என்றாள் அம்மா.

"அத நான் இங்க இருந்துட்டுச் சொல்ல முடியாதும்மா. ஒரு சீட்டுத் தாரேன், அதுல இருக்கு. ஆனா தட்டுல போடும்போது நானா வந்து நிக்கப் போறேன்? அவருதான் பாத்துக்கிடணும்."

"அடுத்தது என்னைக்கு?"

"மூணு மாசம். அதுக்கப்புறம் இன்னொரு மூணு மாசம். அப்படியே போகும்."

அம்மா முகத்தில் அப்போதுதான் களைப்பைப் பார்த்தேன். முடிவே இல்லாத ஒன்றுக்கு எந்த வாரத்தில் மூச்சைப் பிடிப்பது? எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரே வித்தை அங்கே செல்லவில்லை. எனக்கும் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

வண்டியில் திரும்பினோம். எட்டயபுரத்தில் டீக்கடைக்கு முன்னால் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது. நிறுத்தவில்லை. அதற்கே எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இப்படி எத்தனை நாள் நிறுத்தாமல் போக முடியும் என்று ஊர் வரும்வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

வீட்டில் அப்பா ஏற்கெனவே சாப்பிட உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை பானையில் கைவைத்துத் தானே போட்டுச் சாப்பிட்டால், வீட்டுப் பொம்பிளையோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் ஒருவர் போட்டுச் சாப்பிட்டார் என்றாலே அன்று முழுக்கத் தெருவில் அதுதான் பேச்சு. அம்மா என் தட்டை வைத்து, அகப்பையில் சோற்றை எடுத்தாள். எடுத்தபடி நின்றாள்.

"எம்புட்டுப் போடட்டும்?"

அதுவரை அவள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

"தாம்மா, நானே போட்டுக்கிடுதேன்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"அதுக்கில்ல. அவிய சொன்னாவல்லா, நாந்தான் பாத்துக்கிடணும்னு."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போட்டுட்டுப் போறான், விடு," என்றார்.

அம்மா சோற்றைப் பானைக்குள் தட்டினாள். பானையை என் பக்கம் நகர்த்தி அகப்பையை அதற்குள் விட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

ஓர் அகப்பை போட்டேன். கொஞ்சமாகத் தெரிந்தது. இன்னொன்று போட்டேன். மலைபோல் இருந்தது. அதில் பாதியைத் திரும்பப் போட்டேன். பிறகு அதிலும் சந்தேகம் வந்தது. டாக்டரம்மா கொடுத்த சீட்டில் ஒரு தட்டின் படம் இருந்தது. அதில் பாதி காய், கால் பங்கு சோறு. எங்கள் வீட்டில் அன்று இருந்த காய் ஒரு கரண்டி கத்தரிக்காய். எவ்வளவு சோறு எனக்குப் போதும் என்பது இந்த வயதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. அது எப்போதும் வேறு யாருடைய கையோ சொன்ன அளவாக இருந்தது.

"இது போதுமாம்மா?"

"என்னட்டக் கேட்டா? நீதான படிச்சவன்."

கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடச் சாப்பிடப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெதுவாகத்தான் சாப்பிட்டேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. பசி முழுக்க அடங்கவில்லை. தட்டு காலியானதும் அம்மாவின் கை பானைப் பக்கம் போயிற்று. போன கையை அவளே இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

நான் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு விழுங்கினேன். தட்டைக் கழுவி வைத்தேன். உட்காரப் பிடிக்காமல், கதவைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கினேன்.